வழிகாட்டி இருந்தும் வழி தவறிய சுற்றுலா



சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை நான்கு வாரம். அதற்குள் பிள்ளைகளை எங்கேயாவது அழைத்துப் போயாக வேண்டும் என்பது இப்போது வழக்கமாகவே ஆகிவிட்டது. விலங்குத் தோட்டம், அறிவியல் நிலையம், செந்தோசா என்று போய் அலுத்தவர்கள் ‘மரபுடைமைச் சுற்றுலா’ என்ற ஒன்றை நாடுகிறார்கள். நல்ல நோக்கம்தான். நம் முன்னோர் நடந்த தெருக்களில் நம் பிள்ளைகளும் ஒருமுறை நடந்து பார்க்கட்டும் என்று நினைப்பதில் என்ன குறை இருக்க முடியும்? எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பின் பெற்றோர் குழுவும் அப்படித்தான் நினைத்தது. தலைக்கு 38 வெள்ளி. பேருந்து, வழிகாட்டி, மதிய உணவு எல்லாம் அதில் அடக்கம். தொடக்கநிலை 4, 5 மாணவர்கள் 32 பேர், ஆசிரியர்கள் மூவர், தொண்டூழியம் செய்ய முன்வந்த பெற்றோர் நால்வர்.

அந்தச் சுற்றுலா எப்படி அமைந்தது என்று பலரும் கேட்டுவிட்டார்கள். கோபம் ஆறட்டும் என்று சில வாரம் எழுதாமல் இருந்தேன். ஆறிய பிறகு பார்த்தால், கோபப்பட்ட காரணங்கள் எல்லாம் சிறியவை என்றும், அன்று பெரிதாகத் தோன்றாத ஒன்றே பெரியது என்றும் தெரிகிறது. ஆகவே முன்னவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பின்னதற்கு வருகிறேன்.

திட்டம் இது. காலை 9 மணிக்குத் தேக்காவில் தொடங்கி இரண்டு மணி நேர நடை. பிறகு பேருந்தில் சைனாடவுன், ஸ்ரீ மாரியம்மன் கோயில். லாவ் பா சாட்டில் உணவு. அதன்பின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். கடைசியாகப் பிள்ளைகள் மிகவும் எதிர்பார்த்த மெர்லயன்.

அன்று விடியற்காலையிலேயே சுமத்திராக் காற்று அடித்தது. இங்கே ஜூன் மாதத்தில் அது புதிதன்று. மலாக்கா நீரிணையைக் கடந்து இருட்டிக்கொண்டு வரும், ஒரு மணி நேரம் பிய்த்து உதறும், போய்விடும். மழையின் மேல் குறையில்லை. ஆனால் எங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய பேருந்து சமூக மன்ற வாசலுக்கு 50 நிமிடம் தாமதமாக வந்தது. வருவதாகச் சொல்லப்பட்ட மூத்த வழிகாட்டி வரவில்லை. உடல்நலக் குறைவாம். பதிலாக ஓர் இளைஞர் வந்தார். தமிழ்ப் பிள்ளைதான். சிரித்த முகம். கையில் உறையிட்ட இரண்டு பக்கத் தாள். தொடங்கும்போதே, “நேத்து ராத்திரிதான் இதக் கையில குடுத்தாங்க, டீச்சர்” என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

தேக்கா சந்தைக்குள் பத்து நிமிடம். மீன் கடைகளைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளை ஒரு வழியாக வெளியே கொண்டுவந்து நிறுத்தியதும், இளைஞர் தாளைப் பார்த்து விளக்கினார். முற்காலத்தில் இங்கே தேக்கு மரங்கள் நிறைந்திருந்தன, அதனால் தேக்கா என்று பெயர் வந்தது. ராஃபிள்ஸ் துரை ஒவ்வோர் இனத்திற்கும் ஓர் இடத்தைப் பிரித்துக் கொடுத்தார், இந்தியர்களுக்குக் கொடுத்தது இந்த லிட்டில் இந்தியா. அன்றிலிருந்து இந்தியர்கள் இங்கே மசாலைப் பொருளும் பூவும் விற்று வாழ்ந்து வருகிறார்கள்.

பிறகு கெர்பாவ் சாலைக்கு அழைத்துப் போனார். அங்கே வானவில்லைக் கரைத்துப் பூசியது போல் ஒரு வீடு நிற்கிறதே, அதன்முன் பிள்ளைகளை நிறுத்தி, “இதுதான் இந்தியப் பாரம்பரிய வீடு” என்றார். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அது டான் டெங் நியா என்ற சீன வணிகர் 1900இல் கட்டிய வீடு. மிட்டாய் செய்து விற்றவர் அவர். லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் ஒரே சீன மாளிகை என்று அதைச் சொல்வார்கள். வாசலின் மேலே சீன எழுத்தில் பலகை இருக்கிறது. சீன மொழி படிக்கும் நண்பர்களை உடைய ஒரு மாணவி அதைச் சுட்டிக்காட்டினாள். இளைஞர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்து ஒரு நினைவுப் பொருள் கடை. தாளில் ‘15 நிமிடம்’ என்று இருந்தது. நாங்கள் வெளியே வரும்போது 55 நிமிடம் ஆகியிருந்தது. அந்தக் கடைக்கும் நிறுவனத்திற்கும் இடையே என்ன ஏற்பாடு என்று நான் விசாரிக்கவில்லை. உலகம் முழுவதும் சுற்றுலாப் பேருந்துகள் இப்படிச் சில கடைகளின் வாசலில் மட்டும் தவறாமல் நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா?

நடை அத்துடன் முடிந்தது. இரண்டு மணி நேரத்தில் உண்மையாக நடந்தது அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தில் சொல்லியிருக்கக் கூடியவற்றை நினைத்தால்தான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கெர்பாவ் சாலைக்குப் பக்கத்திலேயே பஃபலோ சாலை. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. இரண்டும் ஒரே பெயர்தான். சற்றுத் தள்ளி பெலிலியோஸ் சாலை. அவர் கல்கத்தாவிலிருந்து வந்து கால்நடை வணிகம் செய்த யூதர். ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் தண்ணீரும் புல்லும் இருந்தன. அதனால் மாட்டுத் தொழுவங்கள் வந்தன. மாடு வளர்க்கவும் பால் கறக்கவும் தெரிந்த நம் மக்கள் பின்னாலேயே வந்தார்கள். யாரும் கோடு கிழித்துக் கொடுத்து வந்ததில்லை, பிழைப்பைத் தேடி வந்ததுதான். 1822இல் ராஃபிள்ஸின் கட்டளைப்படி ஜாக்சன் வரைந்த நகரத் திட்டத்தில் இந்தியர்களுக்கென்று ‘சூலியா கம்பம்’ ஒன்று குறிக்கப்பட்டது உண்மை. ஆனால் அது சிங்கப்பூர் ஆற்றங்கரையில், தேக்காவிற்கு வெகு தொலைவில் இருந்தது. ‘லிட்டில் இந்தியா’ என்ற பெயரோ 1980களில் சுற்றுலா வளர்ச்சிக்காகப் பரப்பப்பட்டது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அது தேக்கா, அல்லது வெறுமனே சிராங்கூன் ரோடு.

அதற்கும் முந்திய தமிழ்ப் பெயர் ஒன்று உண்டு: சுண்ணாம்புக் கம்பம். சிராங்கூன் சாலை ஓரத்தில் செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்த காலத்தில் வழங்கியது அது. ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலையே ஒரு காலத்தில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றுதான் அழைத்தார்கள். எவ்வளவு அழகான சொல்! இப்போது எந்தப் பலகையிலும் காணோம்.

குதிரைப் பந்தயத் திடலை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பெயர் தந்த அந்தத் திடலில்தான், 1911 மார்ச்சு 16 அன்று, சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது. பத்து வயதுப் பையன்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஹேம்ப்ஷயர் சாலையில் இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இயங்கும் இடம் பழைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. 1966இல் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. உலகிலேயே வேறெந்தப் பேறுகால மருத்துவமனையிலும் அத்தனை பிறப்பு இல்லை என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவானது. எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தாத்தா பாட்டியர் அந்தக் கட்டடத்தில் பிறந்தவர்களாக இருப்பார்கள். பேருந்து அதைக் கடந்துதான் போனது. அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

சவுத் பிரிட்ஜ் சாலையில், ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குச் சற்று முன்னால், பேருந்தின் குளிர்சாதனம் முதலில் நின்றது. பிறகு வண்டியே நின்றது. ஓட்டுநர், வயதான சீனர், இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மாற்று வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று செய்தி வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. 32 பிள்ளைகளையும் கடைகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் இருவர் இருவராக நிறுத்தி எண்ணினோம். இதுதான் அன்றைய சுற்றுலாவின் தாழ்ந்த கட்டம் என்று எல்லாருமே நினைத்திருப்போம். பெற்றோர் ஒருவர் நிறுவனத்திற்குத் தொலைபேசியில் அழைத்து உரத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த இரைச்சலில்தான் தொடக்கநிலை 4 மாணவன் ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்தான். எதிரே கோபுரம் தெரிகிறது. சுற்றிலும் சீனக் கடைகள், சிவப்பு விளக்குகள். அவன் கேட்டான்:

“டீச்சர், நாம எல்லாரும் லிட்டில் இந்தியாவுலதானே இருந்தோம்? அப்புறம் ஏன் கோயில சைனாடவுன்ல கட்டினாங்க? இடம் தெரியாம மாத்திக் கட்டிட்டாங்களா?”

பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. காலையில் கேட்டதை ஒழுங்காக நினைவில் வைத்துக்கொண்டு, கண்ணால் கண்டதோடு பொருத்திப் பார்த்து, பொருந்தவில்லை என்று கேட்கிறான். வகுப்பறையில் எந்த ஆசிரியருக்கும் மகிழ்ச்சி தரும் கேள்வி. ஆனால் அதன் உள்ளே இருந்த எண்ணம் என்னைச் சுட்டது. இந்த நகரத்தில் நமக்கென்று நாலு தெரு இருக்கிறது, அதற்கு வெளியே நம்முடையது ஏதாவது தென்பட்டால் அது இடம் மாறி வந்தது என்று ஒரு குழந்தை ஒரே காலையில் கற்றுக்கொண்டுவிட்டது!

வழிகாட்டி இளைஞர், “அங்க இடம் கெடைக்கல போல இருக்கு, தம்பி” என்றார்.

நான் குறுக்கிட்டேன். நாகரிகம் பார்க்க நேரமில்லை.

“கோயில் மாறி வரலப்பா. கோயில வச்சுத்தான் இந்தத் தெருவுக்கே பேரு. அந்தப் பலகையப் படி” என்றேன். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்: பகோடா ஸ்திரீட். உடனே வரிசை முழுவதும் “பக்கோடா, பக்கோடா” என்று ஒரே கூச்சல். (பசி வேளை வேறு!) அடங்கியதும் சொன்னேன். பகோடா என்று வெள்ளைக்காரன் சொன்னது நம் கோபுரத்தைத்தான். கோயிலுக்கு ஒரு பக்கம் பகோடா தெரு, மறுபக்கம் டெம்பிள் தெரு. சைனாடவுனின் நடுவில் இரண்டு தெருக்கள் ஒரு தமிழ்க் கோயிலின் பெயரைச் சுமந்து நிற்கின்றன.

பிறகு நாராயண பிள்ளையின் கதை. பினாங்கில் இருந்தவர். 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது ‘இந்தியானா’ கப்பலில் உடன் வந்தவர். செங்கற் சூளை போட்டவர், துணி வணிகம் செய்தவர். கோயிலுக்கு இடம் கேட்டார். முதலில் தெலுக் ஆயரில் கொடுத்தார்கள். அங்கே பூசைக்கு நல்ல தண்ணீர் இல்லை. பிறகு ஸ்டாம்ஃபர்டு கால்வாய்ப் பக்கம் என்றார்கள். நகரத் திட்டம் வந்து அதுவும் தவறிப் போயிற்று. 1823இல்தான் இந்த இடம் கிடைத்தது. 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஒரு சிறு கோயில் எழுந்தது. உள்ளே ‘சின்ன அம்மன்’ எழுந்தருளினாள். தண்ணீர் தேடி, திட்டம் மாறி, மூன்று இடம் அலைந்து கட்டிய கோயிலைப் பார்த்து இடம் தெரியாமல் கட்டிவிட்டார்களா என்று ஒரு குழந்தை கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கோயில் 1973 முதல் தேசிய நினைவுச் சின்னம்.

பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மழையில் வேறு எங்கும் ஓட முடியாது என்பதும் ஒரு காரணம். நான் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே போனேன். அதோ, அதே சாலையில், இரண்டு கோபுரம் போன்ற தூபிகளுடன் நிற்பது ஜாமிஆ பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் எழுப்பியது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. அதே தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசல். தொடக்கத்தில் ஓலைக் குடிசையாக இருந்ததால் நம்மவர்கள் அதைக் குச்சுப்பள்ளி என்றார்கள். ஆற்றுப் பக்கம் போனால் சூலியா தெரு. அதற்கு முன்பு இருந்த பெயர் கிளிங் தெரு; அது இழிசொல்லாக மாறிப் போனதால் 1920களின் தொடக்கத்தில் பெயரை மாற்றினார்கள். பக்கத்திலே மார்க்கெட் தெரு, செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த இடம். இன்று அங்கெல்லாம் வங்கிகளின் உயர்ந்த கட்டடங்கள். நம் மக்கள் சிங்கப்பூரில் முதலில் கால் ஊன்றியது அந்த வங்கிகள் நிற்கும் மண்ணில். தேக்கா பிறகு வந்தது.

இதற்கிடையில் ஓட்டுநர் ஐயா என்ன பேசுகிறோம் என்று விசாரித்தார். ஒரு பெற்றோர் காலையில் கேட்ட தேக்கு மரக் கதையை மலாயில் சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “தேக் என்றால் மூங்கில். கா என்றால் கால். ஹொக்கியன் பேச்சு அது!” என்றார். மூங்கிலின் காலடி. நம் ஊரில் ஆலடி, வேம்படி, புளியடி என்று ஊர்ப்பெயர் இருப்பதுபோல, மூங்கிலடி. ரோச்சோர் கால்வாய் ஓரத்தில் மூங்கில் வளர்ந்திருந்த காலத்துப் பெயர். 1982இல் புதிய சந்தையைத் திறந்தபோது அதே பெயரைச் சீனப் பொதுமொழியில் மாற்றி ‘சூஜியாவ்’ என்று வைத்தார்கள். சீனரும் சொல்லவில்லை, தமிழரும் சொல்லவில்லை. 2000இல் மீண்டும் தேக்கா என்றே ஆயிற்று. தமிழர்களின் இதயம் போன்ற ஓரிடத்திற்கு ஹொக்கியன் பெயர், சீனர்களின் நடுவே இருக்கும் தெருவுக்குத் தமிழ்க் கோயிலின் பெயர். என்னைக் கேட்டால் சிங்கப்பூரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வேறு ஒன்றுமே சொல்லத் தேவையில்லை, இந்த இரண்டைச் சொன்னால் போதும்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். வழிகாட்டி இளைஞர் தம் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, “டீச்சர், குச்சுப்பள்ளிக்கு எந்த ‘ச்சு’?” என்று கேட்டார். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அங்கேயே தீர்ந்தது. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் படித்தவர். விடுமுறையில் கிடைத்த வேலை. அவர் கையில் கொடுத்த தாளில் எது இருந்ததோ அதைச் சொன்னார். அந்தத் தாளை எழுதியவர் யார், எதைப் பார்த்து எழுதினார், எழுதியதை யாரிடமாவது காட்டினாரா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, ஷாரோன் சித்திக்கும் நிர்மலா புருஷோத்தமும் சேர்ந்து 1982இல் வெளியிட்ட லிட்டில் இந்தியா பற்றிய ஆங்கில நூலைச் சொன்னேன். 2015இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தையும் சொன்னேன். அந்த நிலையம் எங்கள் பயணத் திட்டத்திலேயே இல்லை! நினைவுப் பொருள் கடைக்கு 55 நிமிடம் இருந்தது.

மாற்று வண்டி வந்தது. கோயிலுக்குள் போக நேரமில்லை என்றார்கள். வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு ஏறினோம். லாவ் பா சாட்டில் சைவ உணவுக்கும் ஹலால் உணவுக்கும் முன்பே சொல்லிவைத்திருந்தும் ஏற்பாடு இல்லை. பெற்றோர்கள் ஆளுக்கொரு கடையாக ஓடி வாங்கிவந்தார்கள்.

அங்கே அமர்ந்திருந்தபோது நினைவுக்கு வந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2014இல் இதே லாவ் பா சாட்டைச் சுட்டும் வழிகாட்டிப் பலகை ஒன்றில் தமிழில் ‘சனி’ என்று முடியுமாறு எழுதிவைத்து, அது பெரும் பேச்சானது. ‘சாட்’ என்பதை ஆங்கிலச் சனிக்கிழமையின் சுருக்கமாக எடுத்துக்கொண்டதால் வந்த வினை என்பது பார்த்தவுடனே விளங்கும். அந்தப் பெயருக்குப் பழைய சந்தை என்று பொருள். சோறு உண்ணும் இடத்துக்குச் சனியன் என்று பெயர் வைத்தால் நம் பாட்டிமார் சும்மா விடுவார்களா? மன்னிப்புக் கேட்டுத் திருத்தினார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அச்சுக்குப் போகும் முன் ஒரே ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். அந்தப் பலகையும் எங்கள் வழிகாட்டியின் தாளும் ஒரே குடும்பம்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் பத்து நிமிடம் என்றார்கள். இளைஞர் தாளைப் பிரித்தார், மடித்தார், “டீச்சர், நீங்களே சொல்லுங்க” என்றார். சொன்னேன். 1856க்கும் 1861க்கும் இடையே இந்தத் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825 முதல் சென்னை, வங்கம், பம்பாய் மாகாணங்களின் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே வேலை வாங்கினார்கள். சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள். தீபாவளித் திறந்த இல்லத்தின்போது நம் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கும் இஸ்தானா மாளிகை, 1867இலிருந்து 1869 வரை அவர்கள் கட்டியதே. 1873இல் கைதிக் குடியிருப்பு மூடப்பட்டது. விடுதலை பெற்றவர்களில் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள். இந்தத் தேவாலயத்தின் உட்சுவரில் பூசியிருப்பதற்கு ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்றே பெயர். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, கரும்புச் சர்க்கரை சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்புத் தெரியும்.

“முட்டையா?” என்று முகத்தைச் சுளித்தவர்கள் பாதி, சுவரை மோந்து பார்த்தவர்கள் பாதி. அந்தப் பையன் மட்டும், “அப்ப இதும் நம்ம இடமா?” என்றான். “கட்டினது நம்ம ஆளுங்க, கும்பிடறது அவங்க. ரெண்டு பேருக்கும் இடந்தான்” என்றேன். ஏற்றுக்கொண்டான் என்றே தோன்றியது.

மெர்லயனைப் பார்க்க நேரமில்லை. பேருந்தின் சன்னல் வழியே அதன் வால் பக்கம் தெரிந்தது. 32 பிள்ளைகளும் அன்று உண்மையாக வருந்தியது இதற்குத்தான் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நிறுவனத்திற்குப் பெற்றோர் குழு கடிதம் எழுதியது. வானிலை காரணம் என்று பதில் வந்தது. கடையில் கழிந்த 55 நிமிடத்திற்கு எந்த வானிலை காரணம் என்று மறுகடிதம் போயிற்று. கடைசியில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பித் தந்தார்கள். அதில் எனக்குத் திருப்தி இல்லை என்றாலும் மற்றவர்கள் போதும் என்றார்கள். நான் தனியாக ஒரு பக்கம் எழுதி, தேக்கு, ராஃபிள்ஸ், வானவில் வீடு மூன்றையும் திருத்தித் தர முன்வந்தேன். அதற்கு இதுவரை பதில் இல்லை.

இவ்வகைப் பயணத்தை ஏற்பாடு செய்ய நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லலாம். சிங்கப்பூரில் ஊதியம் பெற்று வழிகாட்டியாகச் செல்ல உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்தாமா வருகிறார் என்று முதல் நாளே கேளுங்கள். ஆள் மாறினால் மாறுபவருக்கும் அது உண்டா என்று கேளுங்கள். அவர் என்ன சொல்லப் போகிறார் என்ற தாளை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். தர மறுத்தால் வேறு இடம் பாருங்கள். கடை என்று எங்கே இருக்கிறதோ அங்கே நிமிடத்தை எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றையும்விட, தேக்காவோடு நின்றுவிடும் எந்தத் திட்டத்தையும் ஏற்காதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் சிங்கப்பூர் வரைபடம் ஒன்றைச் சுவரில் மாட்டினோம். வீட்டுப் பெரியவர்கள் முதலில் குடியிருந்த இடத்தைக் கேட்டு வந்து, அங்கே ஒரு பொட்டு ஒட்ட வேண்டும். (தேக்காவில் அட்டை அட்டையாக விற்கும் ஒட்டுப் பொட்டுதான்.) செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஐந்து பொட்டு. தஞ்சோங் பகார் துறைமுகத் தொழிலாளர் வீடுகளில் மூன்று. பொத்தோங் பாசிர், ஜாலான் காயு, குவீன்ஸ்டவுன் என்று தீவெங்கும் பரவிக்கிடந்தன. லிட்டில் இந்தியா எல்லைக்குள் விழுந்தவை இரண்டே இரண்டு. தஞ்சாவூரிலிருந்து குடும்பத்தோடு வந்து நான்கு ஆண்டுகளே ஆன ஒரு மாணவி, தனக்கு எங்கே ஒட்டுவது என்று தயங்கி நின்றாள். பிறகு சாங்கி விமான நிலையத்தில் ஒட்டினாள். கேள்வி கேட்ட பையன் இரண்டு பொட்டு கேட்டான். ஒன்று தாத்தா வாழ்ந்த செம்பவாங்கில். மற்றொன்றைக் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் ஒட்டி, பக்கத்தில் ‘பாட்டி, 1966’ என்று எழுதினான்.

திரும்பி வந்த பணத்தை அப்படியே வைத்திருக்கிறோம். செப்டம்பர் விடுமுறையில் தெலுக் ஆயர் தெருவிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை வரை நடக்கப் போகிறோம். இந்த முறை பேருந்து கிடையாது, எம்ஆர்டிதான். இளைஞரின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. கேட்டேன், வருகிறேன் என்றார். மாணவராகத்தான், என்றும் சொன்னார். வர விரும்பும் பெற்றோர் வகுப்பு முடியும் நேரத்தில் பெயர் கொடுக்கலாம். குடை கட்டாயம். மெர்லயனும் உண்டு.